ஃபியூக், சூட், கன்செர்ட்டோ: பரோக் வடிவங்களை எங்கிருந்து பிடித்துக் கேட்பது?

பியானோ கிரேடு தேர்வுக்குப் படிக்கிற ஒருவர் கேட்டிருக்கிறார்: பாடப் பட்டியலில் மினுவெட், அல்லமாண்ட், இன்வென்ஷன், ஃபியூக் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கிறது, இவற்றை யார், எப்போது உருவாக்கினார்கள், கேட்டதும் எப்படிப் பிரித்தறிவது, இத்தனை வடிவங்களும் ஏன் அந்த ஒரு காலத்தில் கிளம்பின? கேள்வி மூன்று என்றாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். பாட்டு வரி கிடையாது, ராக ஆலாபனை கிடையாது. அப்படியிருக்க ஒரு வாத்திய இசை எதைப் பிடித்துக்கொண்டு ஐந்து, பத்து நிமிடம் நகர்கிறது? அதற்கு விடை சொன்னால் மற்ற இரண்டும் தாமாகவே விடுபடும். என் விடை: கீழ்க் குரலையும் (எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் வரி) கீயையும் (ஒரு ஸ்வரத்தை வீடாகக் கொண்ட ஸ்வரத் தொகுதி) பிடித்துக்கொண்டு. பரோக் வடிவங்கள் எல்லாமே, ஒரு கீயில் புறப்பட்டு, வேறு கீகளுக்குப் போய், மறுபடி வீடு திரும்புவதற்கான வெவ்வேறு வழித்தடங்கள்.

முதலில் "யார் உருவாக்கினார்கள்" என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பரோக் என்றால் 1600 முதல் 1750 வரை என்று புத்தகங்கள் சொல்லும். 1600 ஃப்ளாரன்ஸில் யாக்கொப்போ பேரியின் 'எவுரிதிச்சே' ஆபரா (முழுக்கப் பாடியே நடிக்கும் நாடகம்) அரங்கேறிய ஆண்டு. 1750 ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்தியான் பாக் மறைந்த ஆண்டு. இந்த எல்லைகள் பிற்கால வரலாற்றாசிரியர்கள் வசதிக்காகப் போட்டவை. உண்மையில் முதல் எண்பது ஆண்டுகளும் அடுத்த எழுபது ஆண்டுகளும் இரு வேறு உலகங்கள். முதல் பகுதி சோதனைக் காலம், பெயர்களே நிலைப்படவில்லை. 1597-ல் வெனிஸில் ஜொவான்னி கேப்ரியேலி வெளியிட்ட சொனாட்டாவுக்கும் (வாத்தியங்களுக்கான இசைத் துண்டு) 1681-ல் ரோமில் கொரெல்லி வெளியிட்ட சொனாட்டாக்களுக்கும் பெயர் மட்டும்தான் பொது. ஆகவே "சொனாட்டாவைக் கண்டுபிடித்தவர் யார்" என்று கேட்டால் யாரைச் சொன்னாலும் பாதிதான் சரியாக இருக்கும். எந்த ஊரில், எந்தப் பத்தாண்டில் அது நிலைபெற்றது என்று கேட்டால் உறுதியான விடை கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் அடித்தளம் பாஸோ கன்டினுவோ, அதாவது முதலிலிருந்து கடைசிவரை அறுபடாமல் ஓடும் கீழ்க் குரல். லொடோவிகோ வியதானா 1602-ல் வெளியிட்ட தேவாலயக் கன்செர்ட்டோத் தொகுப்பு இந்த முறையைப் பரவலாக்கிய ஆரம்ப நூல்களில் ஒன்று. இசையமைப்பாளர் மேலே ஒரு மெட்டு, கீழே ஒரு பேஸ் வரி, இரண்டை மட்டும் எழுதுவார். நடுவில் வரவேண்டிய கார்டுகளை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) எழுதமாட்டார். பேஸ் ஸ்வரத்தின் மேலேயோ கீழேயோ சிறு எண்களைப் போட்டுவிடுவார். எண் ஏதும் இல்லாவிட்டால் அந்த ஸ்வரத்திலிருந்து மூன்றாவதும் ஐந்தாவதும். 6 என்று இருந்தால் மூன்றாவதும் ஆறாவதும். 4 போட்டுப் பக்கத்தில் 3 இருந்தால், நான்காவதை முதலில் பிடித்து அது மூன்றாவதாக இறங்க வேண்டும். தனியாக ஒரு ஷார்ப் குறி மட்டும் இருந்தால் மூன்றாவது ஸ்வரத்தை அரை ஸ்வரம் உயர்த்து என்று பொருள். ஒரு செல்லோ பேஸ் வரியை அப்படியே வாசிக்கும். ஹார்ப்சிகார்ட், ஆர்கன் அல்லது லூட் வாசிப்பவர் எண்களைப் பார்த்து அந்த நேரத்திலேயே கார்டுகளை நிரப்புவார். புதிதாகப் பழகுகிறவர்கள் இங்கே இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஒன்று, வலது கை மெட்டுக்கும் மேலே ஏறிவிடும். கேட்பவருக்குப் பாடகர் மறைந்து கார்ட் கேட்கும். இன்னொன்று, ஒவ்வொரு கார்டுக்கும் கையைத் தூக்கிப் புதிதாக வைப்பது. அப்படிச் செய்தால் பேஸோடு சேர்ந்து கார்டின் ஐந்தாம் ஸ்வரமும் ஒரே திசையில் இணையாக நகர்ந்துவிடும். குரல்கள் தனித்தனியாக நிற்காமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்பதால் அந்தக் காலத்து ஆசிரியர்கள் அதைக் கண்டிப்பாகத் தடுத்தார்கள். பொது ஸ்வரத்தைப் பிடித்தபடியே விட்டு மற்ற விரல்களை மிக அருகில் உள்ள ஸ்வரத்துக்கு நகர்த்தினால் பிரச்சினை பெருமளவு தீரும்.

இந்த ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது? ஃப்ளாரன்ஸ் அறிஞர் குழு ஒன்று, பழைய கிரேக்க நாடகத்தைப் போலச் சொற்கள் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று விரும்பியது. ஐந்து குரல்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு சொற்களைப் பாடும் மத்ரிகாலில் அது நடக்காது. ஒரே குரல் பேச்சின் வேகத்தில் பாட, அடியில் கார்டுகள் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதுதான் ரெசிட்டேட்டிவ். மான்ட்டெவெர்டி 1607-ல் மாந்துவாவில் அரங்கேற்றிய 'ஒர்ஃபேயோ'வில் இது முழு வலிமையோடு நிற்கிறது. ஆனால் ரெசிட்டேட்டிவுக்கு வடிவம் கிடையாது. சொல் முடிந்தால் இசையும் முடிந்துவிடும். உணர்ச்சியில் ஓரிடத்தில் நின்று திளைக்க வேண்டுமானால் வேறு ஏதாவது வேண்டும்.

அந்தத் தேவைக்குக் கிடைத்த முதல் விடை மிக எளியது: ஒரு சிறு பேஸ் வரியைத் திரும்பத் திரும்ப வாசி, மேலே மெட்டு மாறிக்கொண்டே போகட்டும். கிரவுண்ட் பேஸ், பஸகாலியா, சக்கோன் எல்லாம் இந்தக் குடும்பம். 1638-ல் வெளியான எட்டாம் மத்ரிகால் தொகுப்பில் மான்ட்டெவெர்டியின் 'நிம்ஃபின் புலம்பல்' இறங்கும் நான்கே ஸ்வரங்களின் மேல் (ஏ, ஜி, எஃப், இ) கட்டப்பட்டது. லண்டனில் 1680களில் பர்செல் எழுதிய 'டைடோ அண்ட் ஈனியாஸ்' ஆபராவில் டைடோ இறக்குமுன் பாடும் பாட்டும் இந்த வழிதான். பேஸ் அரை அரை ஸ்வரமாக ஜி-யிலிருந்து டி வரை இறங்கி, பிறகு வீடு திரும்புகிறது. மொத்தம் 5 பார் (தாளச் சுற்று). வழக்கமான நான்கு இல்லாமல் ஐந்து என்பதே கேட்பவரைச் சற்று நிலைகுலைய வைக்கிறது. பர்செலின் கைத்திறன் இன்னோர் இடத்தில் இருக்கிறது. பாடகியின் வாக்கியம் முடிகிற இடமும் பேஸ் சுற்று முடிகிற இடமும் பலமுறை ஒத்துப்போவதில்லை. பேஸ் முடிந்து புதிதாகத் தொடங்கிவிட்டது. அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. அதனால்தான் திரும்பத் திரும்ப ஒரே பேஸ் என்பது சலிப்பாகாமல், தப்ப முடியாத ஒன்றாகப் பதிகிறது. பாஹெல்பெலின் டி மேஜர் கேனனில் இதே கருவி சாந்தமான முகத்தோடு வருகிறது: டி, ஏ, பி, எஃப் ஷார்ப், ஜி, டி, ஜி, ஏ என்ற எட்டு ஸ்வரங்கள் 28 முறை; மேலே மூன்று வயலின்கள் ஒன்று வாசித்ததையே அடுத்தது இரண்டு பார் தள்ளி வாசிக்கும். தனி வயலினுக்கான டி மைனர் பார்ட்டிட்டாவின் கடைசியில் பாக் வைத்த சக்கோன், இந்தக் குடும்பம் எட்டிய உச்சம். நான்கு பார் அலகுகளால் ஆன அது, மைனரில் தொடங்கி, நடுவில் மேஜருக்கு மாறி, மீண்டும் மைனருக்கே வருகிறது.

சுமார் 1680-க்குப் பிறகு நிலைமை மாறுகிறது. பழைய சர்ச் மோடுகள் (தேவாலய இசையின் ஸ்வர வரிசைகள்) பின்வாங்கி, மேஜர், மைனர் என்ற இரண்டு வரிசைகள் மட்டும் முன்னுக்கு வந்து, ஒவ்வொரு கார்டும் அடுத்து எங்கே போக வேண்டும் என்று கேட்பவருக்கு எதிர்பார்ப்பு உண்டாக்கத் தொடங்குகிறது. கொரெல்லியின் சொனாட்டாக்களில் இது வெளிப்படையாகத் தெரியும். அவருடைய முக்கியக் கருவி சீக்வென்ஸ். இரண்டு பார் நீளமுள்ள ஒரு துணுக்கை ஒரு படி கீழே வைத்து மறுபடி வாசிப்பது, இன்னொரு படி கீழே வைத்து மீண்டும் வாசிப்பது. அடியில் பேஸ் நான்கு ஸ்வரம் ஏறி, ஐந்து இறங்கி, நான்கு ஏறி என்று சங்கிலியாகப் போகும். இப்போது ஒரு துணுக்கிலிருந்து இருபது பார் இசை செய்யலாம், அதுவும் எங்கோ போகிறது என்ற உணர்வோடு. வடிவங்கள் நீண்டதற்கு இதுவே நேரடிக் காரணம் என்பது என் தீர்மானமான கருத்து. நீங்கள் வாசிக்கும் எந்தப் பரோக் துண்டிலும் கை ஒரே வடிவத்தில் படிப்படியாக இறங்கும் இடம் வந்தால், அங்கே கீ மாறிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் மாறிக்கொண்டிருக்கும்.

கொரெல்லி 1681 முதல் 1694 வரை நான்கு தொகுப்புகளாக ட்ரியோ சொனாட்டாக்களை வெளியிட்டார். ட்ரியோ என்ற பெயரைப் பார்த்து மூன்று பேரைத் தேடினால் குழம்புவீர்கள். எழுதப்பட்ட வரிகள் மூன்று: இரண்டு வயலின், ஒரு பேஸ். பேஸை செல்லோவும் விசைப்பலகையும் பகிர்ந்துகொள்வதால் வாசிப்பவர்கள் வழக்கமாக நால்வர். தேவாலயச் சொனாட்டா பெரும்பாலும் மெதுவானது, வேகமானது, மெதுவானது, வேகமானது என்று நான்கு பகுதிகள். அறைச் சொனாட்டா ஒரு முன்னுரைக்குப் பின் நடனங்கள். இந்தப் பிரிவினையைப் புத்தகங்கள் கறாராகச் சொல்கின்றன. கொரெல்லியின் நோட்டுகளிலோ தேவாலயச் சொனாட்டாவின் கடைசிப் பகுதி பெயர் சொல்லாத ஜீக் நடனமாகவே துள்ளும் இடங்கள் உண்டு.

நடனங்களுக்கு வருவோம், உங்கள் தேர்வுப் பட்டியலில் பெரும்பகுதி இதுதான். பரோக் சூட்டில் (நடனங்களின் கோவையில்) நான்கு நடனங்கள் நிலையானவை: அல்லமாண்ட், கூரான்ட், சரபாண்ட், ஜீக். ஃப்ரோபெர்கர் (1667-ல் மறைந்தவர்) இந்த நான்கையும் ஹார்ப்சிகார்டில் ஒன்றாகக் கோத்தவர். ஆனால் அவருடைய கையெழுத்துகளில் ஜீக் பலமுறை கடைசியில் இல்லை. அவர் மறைந்த பிறகு ஆம்ஸ்டர்டாம் பதிப்பாளர், "சிறந்த வரிசையில் அமைக்கப்பட்டது" என்று தலைப்பிலேயே அறிவித்துவிட்டு ஜீக்கைக் கடைசிக்குக் கொண்டுபோனார். பாக் காலத்தில் அந்த வரிசைதான் வழக்கமாகிவிட்டது. செல்லோவுக்கான ஆறு சூட்டுகளிலும் அவர் ஒரே திட்டத்தைப் பின்பற்றுகிறார்: பிரெலூட், நான்கு நடனங்கள், சரபாண்டுக்கும் ஜீக்கிற்கும் நடுவில் ஒரு ஜோடிச் சிறு நடனம். முதல் இரண்டு சூட்டில் மினுவெட், அடுத்த இரண்டில் பூரே, கடைசி இரண்டில் கவோட்.

கேட்டுப் பிரிக்க இவை போதும். அல்லமாண்ட் நான்கு பீட். ஒரு குட்டி ஸ்வரம் முன்கூட்டியே கிளம்பும், பிறகு பதினாறாம் பங்கு ஸ்வரங்கள் நிதானமாக ஓடிக்கொண்டே இருக்கும். கூரான்டில் இரண்டு வகை. இத்தாலிய வகை 3/4-ல் சரசரவென்று ஓடும். பிரெஞ்சு வகை 3/2-ல் நிதானமாக இருக்கும். ஒரு பாரில் உள்ள ஆறு அலகுகளை இரண்டிரண்டாக மூன்று தடவையும், மூன்று மூன்றாக இரண்டு தடவையும் மாற்றி மாற்றிப் பிரிக்கும். நோட்டின் மேலே கூரான்ட் என்று மட்டும் பார்த்துவிட்டு வேகமாக வாசிப்பது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு; முதலில் தொடக்கத்தில் உள்ள தாளக் குறியை (3/4-ஆ, 3/2-ஆ) பாருங்கள். சரபாண்ட் மூன்று பீட், கனம் இரண்டாவதில் விழும். மேற்கத்திய மூன்று பீட் என்றாலே முதல் பீட்டில் தட்டும் பழக்கம் இருப்பதால், மாணவர்கள் சரபாண்டை மெதுவான வால்ட்ஸாக்கிவிடுகிறார்கள். இரண்டாம் பீட்டுக்குச் சற்றே கூடுதல் நேரம் கொடுத்தால் நடனம் உயிர் பெறும். ஜீக் பெரும்பாலும் 6/8 போன்ற மும்மைப் பிரிவில் குதிக்கும்; இரண்டாம் பாதியில் மெட்டு தலைகீழாகத் திரும்பி வருவது பாக் விரும்பிச் செய்த வேலை. இந்தக் கனமான சரபாண்ட் ஒரு காலத்தில் வேகமான, கிளர்ச்சியூட்டும் நடனமாக இருந்து ஸ்பெயினில் 1583-ல் தடை செய்யப்பட்டது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரெஞ்சு அரசவைக்குள் நுழைந்த பிறகுதான் அதன் நடை தளர்ந்தது.

இந்த நடனங்கள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எலும்புக்கூடு பைனரி வடிவம். இரண்டு பாதி, ஒவ்வொன்றும் இருமுறை. முதல் பாதி வீட்டுக் கீயில் தொடங்கி, மேஜர் என்றால் பஞ்சமத்தின் கீயில் (ஜி மேஜருக்கு டி மேஜர்) போய் முடியும். மைனர் என்றால் அதன் உறவு மேஜருக்கும் (அதே ஷார்ப், ஃப்ளாட் குறிகளைக் கொண்ட மேஜர்) போகலாம். இரண்டாம் பாதி அங்கே தொடங்கிச் சுற்றிவிட்டு வீடு திரும்பும். இப்படிப் படித்துவிட்டு, எல்லாரும் வாசிக்கும் ஜி மேஜர் மினுவெட்டைத் திறந்தால் குழப்பம் வரும். அதன் முதல் பாதி 16 பார் ஜி-யிலேயே முடிகிறது. டி மேஜருக்குப் போவது இரண்டாம் பாதியில், 24-ஆம் பாரில். மிச்சம் எட்டு பாரில் வீடு. விதி பொய் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; சின்ன நடனங்களில் முதல் பாதி வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவதும் உண்டு. பயணம் எங்காவது ஓரிடத்தில் நிச்சயம் இருக்கும், அதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. அந்த மினுவெட் பாக் எழுதியதும் அல்ல. 1725-ல் தொடங்கிய அன்னா மக்தலேனா பாக்கின் நோட்டுப் புத்தகத்தில் இருந்ததால் பாக் பெயரில் ஒட்டிக்கொண்டது. இயற்றியவர் ட்ரெஸ்டன் நகர ஆர்கன் கலைஞர் கிறிஸ்டியான் பெட்சோல்ட்.

ஆபரா பக்கம் இதே காலத்தில் டா காப்போ ஆரியா (முதலிலிருந்து திரும்பப் பாடும் தனிப்பாட்டு) வென்றது. ஏ பகுதி, வேறு கீயில் ஒரு சின்ன பி பகுதி, பிறகு நோட்டில் எழுதாமலே ஏ பகுதி முதலிலிருந்து. திரும்ப வரும்போது பாடகர் தன் சொந்த அலங்காரங்களைச் சேர்க்க வேண்டும். அதைச் செய்யாமல் அச்சில் உள்ளபடியே பாடினால் வடிவத்தின் பாதி நோக்கம் போய்விடும். பரோக் ஆரியா நீளம் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் பலரும் கேட்டது அப்படிப்பட்ட பாடுதலைத்தான். நேப்பிள்ஸில் அலெஸாண்ட்ரோ ஸ்கார்லாட்டி இந்த வடிவத்தை நிலைநிறுத்தினார். ஹாண்டெல் லண்டனுக்குக் கொண்டுபோனார். நடனமும் ஆரியாவும் எவ்வளவு நெருக்கம் என்று பார்க்க, ஹாண்டெல் 1711-ல் 'ரினால்டோ'வில் வைத்த 'லாஷ்யா க்யோ பியாங்கா' போதும். 1705-ல் ஹாம்பர்க்கில் 'அல்மீரா' ஆபராவில் அது வெறும் வாத்திய சரபாண்ட். 1707-ல் ரோமில் வேறு சொற்களோடு பாட்டானது. நான்கு ஆண்டு கழித்து லண்டனில் சிறைப்பட்ட பெண்ணின் அழுகையானது. பாடகி ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே மூச்சு விட்டு நிறுத்துகிறாளே, அது சரபாண்டின் நடை. அதற்குள் அழுகை பொருந்திக்கொண்டது.

கன்செர்ட்டோவுக்கு வந்தால், கொரெல்லி ஒரு சிறு குழுவை (இரண்டு வயலின், ஒரு செல்லோ) பெரிய குழுவுக்கு எதிரே நிறுத்தினார். அவர் மறைந்த மறு ஆண்டு, 1714-ல், அந்தத் தொகுப்பு வெளியானது. ஆனால் நாம் இன்று கன்செர்ட்டோ என்று கேட்கும் அமைப்பு பொலோன்யாவில் டொரெல்லியிடமும், முழுமையாக வெனிஸில் விவால்டியிடமும் உருவானது. அதன் பெயர் ரிட்டோர்னெல்லோ வடிவம். முழுக் குழு ஒரு பகுதியை வாசிக்கும், தனி வாத்தியம் பறந்து திரியும், மீண்டும் அந்தப் பகுதி வரும். நம் காதுக்குப் பல்லவி திரும்புவது போலத் தோன்றும். வேறுபாடு எங்கே என்றால், இது ஒவ்வொரு தடவையும் வேறு கீயில், வெட்டிச் சுருக்கி வரும். விவால்டியின் 'வசந்தம்' கன்செர்ட்டோவின் முதல் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் இரண்டு வாக்கியம். ஒவ்வொன்றும் ஒருமுறை உரக்க, உடனே ஒருமுறை மெல்ல. பிறகு மூன்று வயலின்கள் பறவையாகின்றன. திரும்பி வருவது இரண்டாம் வாக்கியம்தான், இ மேஜரில். நீரோடை, பிறகு அதே வாக்கியம் பஞ்சமமான பி மேஜரில். இடி மின்னல், பிறகு அது சி ஷார்ப் மைனரில் வருகிறது, புயலுக்குப் பின் முகம் வாடியதுபோல் கேட்கும். பறவைகள் மீண்டும் வர, இறுதியில் இ மேஜரிலேயே முடிகிறது. புகழ்பெற்ற முதல் வாக்கியம் பழைய உருவில் திரும்புவதே இல்லை. பிற்பகுதியில் முழுக் குழு அதை ஒருமுறை உருமாற்றி நினைவூட்டுவதோடு சரி. இந்த இசையைக் கதையாக மட்டும் கேட்டுப் பழகியவர்கள் அடுத்த தடவை அந்த இரண்டாம் வாக்கியத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். வடிவம் முழுவதும் கைக்குள் வந்துவிடும்.

விவால்டியின் மூன்றாம் தொகுப்பு 1711-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியாகி ஜெர்மனிக்குப் போனது. பாக் அதிலிருந்து எட்டாம் எண்ணை ஆர்கனுக்கும், பின்னாளில் பத்தாம் எண்ணை நான்கு ஹார்ப்சிகார்டுகளுக்கும் மாற்றி எழுதினார். பிறர் இசையைக் கையால் மாற்றி எழுதித்தான் அவர் வடிவத்தைக் கற்றார். 1721 மார்ச்சில் பிராண்டன்பர்க் பிரபுவுக்கு அர்ப்பணித்த ஆறு கன்செர்ட்டோக்களில் ஐந்தாவதில், அதுவரை பின்னால் உட்கார்ந்து எண்களைப் பார்த்துக் கார்ட் நிரப்பிக்கொண்டிருந்த ஹார்ப்சிகார்டை முன்னுக்குக் கொண்டுவந்து, சுமார் 65 பார் தனியாகவே வாசிக்க வைக்கிறார். மற்றவர்கள் எல்லாரும் நிறுத்திக்கொண்டு கேட்கிறார்கள். விசைப்பலகைக் கன்செர்ட்டோ என்ற வகைக்குக் கதவு திறந்த இடங்களில் முதன்மையானது இது.

இப்போது ஃபியூக். இது ஒரு வடிவம் என்பதைவிட ஒரு வேலைமுறை: ஒரு குரல் தனியாகச் சொன்ன கருவை (சிறு மெட்டை) மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாக எடுத்துத் தொடர்வது. ரிச்செர்க்கார் என்ற பழைய வகையிலிருந்து ஃப்ரெஸ்கோபால்டி, ஸ்வேலிங்க், புக்ஸ்டெஹுடே வழியாக வளர்ந்தது. 1722-ல் பாக் தொகுத்த 'வெல் டெம்பர்ட் கிளாவியர்' முதல் புத்தகத்தின் சி மைனர் ஃபியூக் பழகுவதற்கு நல்ல இடம்; மூன்று குரல், 31 பார்தான். நடுக் குரல் தனியாகத் தொடங்குகிறது: சி, பி, சி, ஜி, ஏ ஃப்ளாட். இரண்டு பாரில் கரு முடிந்ததும் மேல் குரல் அதையே பஞ்சமத்தில் எடுக்கிறது. இதற்கு ஆன்சர் என்று பெயர். அச்சு அசலாக இடம் மாற்றினால் ஜி, எஃப் ஷார்ப், ஜி, டி, இ ஃப்ளாட் என்று வர வேண்டும். பாக் எழுதியது ஜி, எஃப் ஷார்ப், ஜி, சி, இ ஃப்ளாட். ஒரே ஒரு ஸ்வரம் மாறியிருக்கிறது. காரணம், கருவின் தொடக்கத்தில் சி-யும் ஜி-யும் வீட்டின் இரு தூண்களாக நிற்கின்றன. ஆன்சரில் அவை ஜி-யும் சி-யும் ஆக இடம் மாறினால் வீட்டுக் கீ கலையாது. டி-யை வைத்திருந்தால் ஜி மைனருக்கு மிகச் சீக்கிரம் தள்ளிவிடும். பிறகு இரண்டு பார் இணைப்பு, ஏழாம் பாரில் பேஸ் நுழைகிறது. மூன்று குரலும் உள்ளே வந்த பின் கரு 11-ஆம் பாரில் இ ஃப்ளாட் மேஜரில் முகம் மலர்ந்து வருகிறது, 15-ல் ஜி மைனரில், 20-ல் வீட்டில். இடையிடையே உள்ள எபிசோடுகள் (கரு முழுதாக வராத பகுதிகள்) கருவின் முதல் ஐந்து ஸ்வரத்தை வைத்துச் செய்த சீக்வென்ஸ்கள். கொரெல்லி பழக்கிய அதே கருவி. கடைசியில் பேஸ் சி-யில் ஊன்றி நிற்க, மேல் குரல் கருவை இறுதியாகச் சொல்லி, சி மேஜர் கார்டில் முடிகிறது.

ஃபியூக் வாசிப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, கரு வரும்போதெல்லாம் அதை ஓங்கி அடிப்பது. கேட்பவருக்குக் கரு ஏற்கெனவே மனப்பாடம். அதற்கு எதிரே ஓடும் கவுண்டர்சப்ஜெக்ட் கேட்காமல் போனால் அங்கே இசையே இல்லை. ஒவ்வொரு குரலையும் தனியாக ஒரு கையால் முழுதும் வாசித்துப் பாருங்கள். பிறகு ஒரு குரலைப் பாடிக்கொண்டே மற்ற இரண்டை வாசியுங்கள். மெதுவாகத்தான் வரும், ஆனால் வேறு குறுக்கு வழி இல்லை. இன்வென்ஷனை இதிலிருந்து பிரிக்க ஒரு அடையாளம்: இரண்டே குரல், இரண்டாம் குரல் பெரும்பாலும் அதே ஸ்வரத்தில், ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே நுழையும். சி மேஜர் இன்வென்ஷனின் முதல் பாரிலேயே இடது கை அப்படித்தான் பதில் சொல்கிறது. பதினைந்தில் சில இந்த வழக்கத்தை மீறும்.

தேவாலய இசையைச் சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். அது தனியாக எழுத வேண்டிய கடல். லூத்தரன் சபையில் மக்கள் பாடிய கொராலே மெட்டுகளின் மேல்தான் பாக்கின் கன்டாட்டாக்களும் (ஆராதனைக்கான பாடல் தொகுதிகள்) பேஷன் இசையும் (இயேசுவின் பாடுகளைச் சொல்லும் இசை) நிற்கின்றன. இதற்குத் தமிழில் நேரடியான தொடர்பு உண்டு. புனித வெள்ளியில் நம் சபைகளில் பாடப்படும் 'இரத்தம் காயம் குத்தும்' என்ற ஞானப்பாட்டின் மெட்டு, பாக் 'செயின்ட் மாத்யூ பேஷ'னில் ஐந்து முறை, பெரும்பாலும் வெவ்வேறு கார்டுகளோடு, வைத்த அதே மெட்டு. 1601-ல் ஹஸ்லர் அதை ஒரு காதல் பாட்டாக எழுதியிருந்தார். அந்தப் பாட்டைப் பாடி வளர்ந்தவர்கள் பேஷனில் அந்த ஐந்து இடங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால், மெட்டு மாறாமல் கீழ்க் குரல் மட்டும் மாறும்போது பொருள் எப்படி மாறுகிறது என்பது விளக்கமே இல்லாமல் புரியும்.

கடைசியாக, எவ்வளவு தூரம் இதை நம்பலாம் என்பது. மேலே சொன்ன ஆண்டுகள், கீ வரிசைகள், பார் எண்கள் நோட்டைத் திறந்து நீங்களே சரிபார்க்கக் கூடியவை. வாசிக்கும் முறைக்கு வந்தால் தரை அவ்வளவு உறுதியில்லை. லூயி மன்னரின் அவையில் லூலி 1658 வாக்கில் தொடங்கிவைத்த பிரெஞ்சு ஓவர்ச்சர் (தொடக்க வாத்திய இசை), புள்ளியிட்ட தாளத்தில் கம்பீரமாகத் தொடங்கி வேகமான ஃபியூக் போன்ற பகுதிக்குப் போகும். அந்தப் புள்ளிகளை எழுதியதைவிட நீட்ட வேண்டுமா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். தாங்கள் எழுதுவது ஒன்று, வாசிப்பது ஒன்று என்று ஃப்ரான்ஸ்வா கூப்பெரின் 1716-ல் ஒப்புக்கொண்டிருக்கிறார்; சமமாக எழுதிய ஸ்வர ஜோடிகளைப் பிரெஞ்சுக்காரர்கள் ஒன்று நீளமாக, ஒன்று குறுகலாக வாசித்தார்கள் என்பது உறுதி, ஆனால் எவ்வளவு நீளம் என்பது துண்டுக்குத் துண்டு மாறும். பாக் தன் கைப்பட எழுதிய செல்லோ சூட் பிரதி நமக்குக் கிடைக்கவில்லை. மனைவி எடுத்த பிரதியில் வில் இணைப்புக் கோடுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பது பல இடங்களில் தெளிவில்லை. எனவே பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும், அதில் எது சரி என்று அடித்துச் சொல்பவரைச் சந்தேகிக்கலாம். பாக்கின் கோரஸில் ஒரு குரலுக்கு ஒரே பாடகரா என்று 1981-ல் ஜோஷுவா ரிஃப்கின் கிளப்பிய விவாதமும் ஓயவில்லை. பரோக் குழுக்கள் இன்று ஏ ஸ்வரத்தை 415 ஹெர்ட்ஸுக்குச் சுருதி கூட்டுவது ஒரு வசதியான உடன்பாடு. அன்று ஊருக்கு ஊர், தேவாலயத்துக்கு அரண்மனை என்று சுருதி மாறியது.

தேர்வு அறையில் வைவா கேள்விக்கும், வீட்டில் கேட்பதற்கும் நான் சொல்லும் வரிசை இது. புதிய துண்டை எடுத்தால் முதலில் இடது கையை மட்டும் முழுதும் வாசியுங்கள். எங்கெல்லாம் பேஸ் நான்கு ஏறி அல்லது ஐந்து இறங்கி நிற்கிறதோ அங்கே பென்சிலால் கீயின் பெயரை எழுதுங்கள். வழக்கத்துக்கு மாறான ஷார்ப், ஃப்ளாட், நேச்சுரல் குறிகள் எந்தக் கீ என்று காட்டிக்கொடுக்கும். ஒரு பக்கத் துண்டில் மூன்று அல்லது நான்கு இடம் கிடைக்கும். பிறகு இரட்டைப் பார் கோடும் ரிப்பீட் குறியும் இருந்தால் பைனரி. ஒரே பகுதி சுருங்கிச் சுருங்கித் திரும்பினால் ரிட்டோர்னெல்லோ. ஒரு குரல் தனியாகத் தொடங்கி மற்றது பஞ்சமத்தில் சேர்ந்தால் ஃபியூக். இடது கையே மாறாமல் சுற்றினால் கிரவுண்ட் பேஸ். நடனமா என்று பார்க்க, வேகத்தைத் தீர்மானிக்கும் முன்பே தாளக் குறியையும் எந்தப் பீட்டில் நீண்ட ஸ்வரம் விழுகிறது என்பதையும் பாருங்கள். ரிப்பீட்டுகளைத் தேர்வில் விடச் சொன்னாலும் பயிற்சியில் விடாதீர்கள். இரண்டாம் தடவைதான் அலங்காரம் பழக இடம்.